விண்டோஸ் வீட்டுக் கணினியைப் பாதுகாப்பாக அமைப்பது: எதை முதலில், எதை அப்புறம் செய்ய வேண்டும்

வீட்டில் ஒரே கணினி. அப்பா அதில் வங்கிக் கணக்கு பார்க்கிறார். பிள்ளை விளையாட்டு இறக்குகிறான். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. மூன்று பேரும் ஒரே கணக்கில், பாதி வீடுகளில் கடவுச்சொல்லே இல்லாமல். உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் இப்படிப்பட்ட கணினிகளைப் பல வருடங்களாகச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் தவறு நடக்கும் இடம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

"பார்த்து கிளிக் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வருவதால் எதுவும் மாறுவதில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காருகிறவர் ஒவ்வொரு பெட்டியையும் படித்துப் பார்க்க மாட்டார். அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. தவறான கிளிக் ஒரு நாள் விழத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சேதம் சின்னதாக முடியும்படி கணினியை அமைக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

இவற்றை விண்டோஸ் 11ஐ வைத்து எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10லும் பெரும்பாலானவை உண்டு, மெனுவின் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், உங்கள் கோப்புகளின் மொத்த அளவைப்போல இரண்டு மடங்காவது. காலியான 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. ஒரு நோட்டும் பேனாவும். மைக்ரோசாஃப்ட் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்கள். ஓடிபி வரும் ஃபோன், அதன் சொந்தக்காரரோடு சேர்த்து.

நேரம் அரை நாள் ஒதுக்குங்கள். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி என்றால், பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் தொடங்க வேண்டாம். அப்டேட் பாதியில் மின்சாரம் போனால் கணினி மறுபடி ஏறாமலே போகலாம்.

1. முதலில் பேக்கப்

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் ஆன்டிவைரஸில் தொடங்குகிறார்கள். அது தவறு. இனி நீங்கள் செய்யப்போகும் மாற்றங்களில் ஏதாவது ஒன்று பிசகினாலும், கோப்புகள் வெளியே பத்திரமாக இருந்தால் கை நடுங்காமல் வேலை பார்க்கலாம்.

நம் வீடுகளில் கேட்கும் முதல் பதில், "டி டிரைவ்ல இருக்கே, அது போதாதா?" என்பது. போதாது. சியும் டியும் பெரும்பாலான கணினிகளில் ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சாகும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தால் இரண்டையும் பூட்டும்.

எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகி, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் நகலெடுங்கள். அப்புறம் டி டிரைவை முழுதாகத் திறந்து பாருங்கள். கல்யாண ஆல்பமும் பட்டா ஸ்கேனும் அங்கேதான் 'நியூ ஃபோல்டர் (3)' என்ற பெயரில் இருக்கும். கன்ட்ரோல் பேனலில் உள்ள 'ஃபைல் ஹிஸ்டரி' பழைய பதிப்புகளையும் சேர்த்து வைப்பதால் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அது டி டிரைவைத் தானாக எடுத்துக்கொள்ளாது. அந்த ஃபோல்டர்களை நீங்கள்தான் லைப்ரரியில் சேர்க்க வேண்டும்.

பழைய யுஎஸ்பி 2 துளையில் விநாடிக்கு 30 எம்பி அளவில்தான் போகும். 200 ஜிபி நகலெடுக்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். நீல நிற யுஎஸ்பி 3 துளை இருந்தால் அதில் செருகுங்கள், முக்கால் மணி நேரத்துக்குள் முடியும்.

நகல் முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் பத்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். அப்புறம் டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கை ரான்சம்வேர் சேர்த்துப் பூட்டிவிடும். இந்த ஒரு தவறால் பேக்கப் இருந்தும் எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு.

'சிஸ்டம் ரீஸ்டோர்' இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது விண்டோஸின் அமைப்புகளைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். உங்கள் படங்களை மீட்டுத் தராது.

2. ரெக்கவரி கீயை நோட்டில் எழுதுங்கள்

விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்களில் டிஸ்க் குறியாக்கம் பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். லேப்டாப் திருடுபோனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது என்பதால் நல்லதுதான். ஆனால் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, கணினி ஏறும்போது நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பது உங்களுக்கும் கிடைக்காது.

ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, 'டிவைசஸ்' பகுதியில் இந்தக் கணினிக்கான கீ இருக்கிறதா என்று பாருங்கள். 48 இலக்கங்களையும் நோட்டில் எழுதி, இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பல வீடுகளில் கடைக்காரர் தன் மின்னஞ்சலையோ, மகன் எப்போதோ தொடங்கிய மின்னஞ்சலையோ போட்டுக் கொடுத்திருப்பார். கீ அந்தக் கணக்கில் இருக்கும். அது யாருடையது என்று இப்போதே கண்டுபிடிக்க வேண்டும்.

அப்டேட்டுக்கு முன்னால் இந்தப் படி வருவதற்குக் காரணம், அப்டேட்டோடு பயாஸ் அப்டேட்டும் வரலாம் என்பதுதான்.

3. உள்ளே இருப்பது நம்பத்தகுந்த விண்டோஸா என்று முடிவு செய்யுங்கள்

செட்டிங்ஸ், சிஸ்டம், 'ஆக்டிவேஷன்' போய்ப் பாருங்கள். லைசென்ஸ் வாங்கிய நினைவே இல்லாமல் 'ஆக்டிவ்' என்று காட்டினால் அங்கேயே நிற்க வேண்டாம். லேப்டாப்போடு வந்த விண்டோஸாக இருந்தால் சரி. கடையில் 'போட்டுக் கொடுத்த' விண்டோஸ் என்றால் இன்னொன்றைப் பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்', அதில் 'மேனேஜ் செட்டிங்ஸ்', கடைசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. ஆன்டிவைரஸ் எந்தெந்த இடங்களைச் சோதிக்கக் கூடாது என்ற பட்டியல் அது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் லேப்டாப்பில் அந்தப் பட்டியலைத் திறந்தபோது ஒரே ஒரு வரி இருந்தது: சி டிரைவ். முழு சி டிரைவும். டாஸ்க்பாரில் கேடயச் சின்னம் பச்சை டிக்கோடு நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருடமாக ஆன்டிவைரஸ் ஓடியும் எதையும் பார்க்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓடவைக்கும் கிராக் கருவியை ஆன்டிவைரஸ் அழித்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் அதே லேப்டாப்பில்தான் மாதாமாதம் சம்பளக் கணக்கைப் பார்த்து வந்தார்.

இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் சுத்தம் செய்ய முயலாதீர்கள். துடைத்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் ஒரே நேர்மையான வழி. வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தின் 'மீடியா கிரியேஷன் டூல்' கொண்டு 8 ஜிபி பென் டிரைவைத் தயார் செய்து, எல்லாப் பகுதிகளையும் அழித்து நிறுவுங்கள். அதற்கு முறையான லைசென்ஸ் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசரும் கடிதம் தட்டச்சும் மட்டும் வேண்டிய வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். கிராக் விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

4. அப்டேட்

2017 மே 12 அன்று வான்னக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் 'பிறகு நினைவூட்டு' என்று தள்ளிப்போட்ட கணினிகள்தான் பெரும்பாலும் அடிபட்டன. அங்கே யாரும் எதையும் தவறாகக் கிளிக் செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை.

முதலில் உங்கள் பதிப்பைப் பாருங்கள்: செட்டிங்ஸ், சிஸ்டம், 'அபவுட்'. விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பத்தகுந்த மென்பொருளை மட்டும் ஏறவிடும் வசதி), 4 ஜிபி ராம், அது ஏற்கும் ப்ராசஸர் ஆகியவை வேண்டும். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். 'பிசி ஹெல்த் செக்' செயலி தகுதி இல்லை என்று சொன்னதும் கணினியை விற்றுவிடாதீர்கள். டிபிஎம் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம். ஆன் செய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

பிறகு 'விண்டோஸ் அப்டேட்' திறந்து, 'செக் ஃபார் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி அழுத்துங்கள். ஒரு முறையோடு நிறுத்துவதுதான் இங்கே பொதுவான தவறு. வெகுநாள் தள்ளிப்போட்ட கணினியில் மூன்று நான்கு சுற்று வரும், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தெரியும். 'யூ ஆர் அப் டு டேட்' என்று வரும்வரை விடாதீர்கள். சதவீதம் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றாலும் பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

மாதாந்திரத் திருத்தங்கள் அமெரிக்க நேரப்படி இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும், நமக்கு அது செவ்வாய் இரவு. அந்த வார இறுதியில் ஒரு ரீஸ்டார்ட் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும். வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் தொந்தரவு வருகிறது என்பதற்காக அப்டேட்டையே அணைக்கும் பழக்கம் உண்டு. அதற்குப் பதில் 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் நீங்கள் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறியுங்கள்.

5. கணக்குகளைப் பிரியுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பேக்கப்புக்கு அடுத்து இதைத்தான் சொல்வேன்.

விண்டோஸ் நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்'. கணினியில் எதையும் மாற்றும் உரிமை அதற்கு உண்டு. அந்தக் கணக்கில் உட்கார்ந்து நீங்கள் ஓடவிடும் புரோகிராமுக்கும் அந்த உரிமை ஒரு 'எஸ்' தூரத்தில்தான் இருக்கிறது. திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி வருமே, அதுதான் அந்த 'எஸ்'.

பெரியப்பா ஒருவர் கணினியில் வேலை செய்வதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். திரை மங்கத் தொடங்கியதுமே சுட்டி பெட்டி வரப்போகும் இடத்துக்குப் போய்விட்டது. பெட்டி முழுதாக வருவதற்குள் 'எஸ்' அழுத்திவிட்டார். "பெரியப்பா, அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டேன். "அது எப்பவும் கேக்கும் தம்பி, எஸ் குடுத்தாத்தான் போகும்," என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. நூறு முறை அது கேட்டது, நூறு முறையும் 'எஸ்' கொடுத்தால்தான் வேலை நடந்தது. கை அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

'ஸ்டாண்டர்டு யூசர்' கணக்கில் அதே பெட்டி 'எஸ், நோ' என்று மட்டும் கேட்காது. அட்மின் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். கை தானாக அதைத் தட்டிவிடாது. நிற்க வேண்டும், யோசிக்க வேண்டும், நோட்டைத் தேட வேண்டும் அல்லது மகளுக்கு ஃபோன் செய்ய வேண்டும். அந்த அரை நிமிடம்தான் நமக்கு வேண்டியது.

செய்முறை, இந்த வரிசையில்:

முதலில் புதிய கணக்கை உருவாக்குங்கள். செட்டிங்ஸ், 'அக்கவுன்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுன்ட்'. மின்னஞ்சல் கேட்கும் இடத்தில், இந்த நபரின் தகவல் என்னிடம் இல்லை என்ற வரியையும், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியையும் தேர்ந்தெடுங்கள். பெயர் 'வீட்டுசாவி' மாதிரி ஏதாவது. கடவுச்சொல் நீளமாக. மீட்புக் கேள்விகளின் பதில்களோடு நோட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, அந்தப் புதிய கணக்கின் மேல் 'சேஞ்ச் அக்கவுன்ட் டைப்' அழுத்தி அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.

மூன்றாவது, சைன் அவுட் செய்து, புதிய கணக்கில் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. தட்டும்போது கேப்ஸ் லாக் விழுந்திருக்கும், நோட்டில் எழுதியது ஒன்று தட்டியது ஒன்று என்று ஆகியிருக்கும். சோதிக்காமல் அடுத்த படிக்குப் போனவர்கள், அட்மின் கடவுச்சொல்லே தெரியாத கணினியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நான்காவது, புதிய அட்மின் கணக்கில் இருந்தபடியே, தினமும் பயன்படுத்தும் பழைய கணக்கை 'ஸ்டாண்டர்டு யூசர்' ஆக மாற்றுங்கள். கோப்புகளும் டெஸ்க்டாப்பும் அப்படியே இருக்கும், உரிமை மட்டும் குறையும். சிலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: பழையதை அட்மினாக விட்டுவிட்டு, தினசரி வேலைக்குப் புதிய கணக்கு. ஒரே வாரத்தில் "என் படமெல்லாம் காணோம்" என்று பழைய கணக்குக்கே திரும்பிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு கொடுங்கள். எல்லாக் கணக்குக்கும் பின் நம்பர் வையுங்கள். நாலு இலக்கம்தானே என்று பயப்பட வேண்டாம், அது இந்தக் கணினியில் மட்டுமே செல்லும். வேறு இடத்திலிருந்து யாரும் அதை வைத்து நுழைய முடியாது. பிறந்த வருடத்தை மட்டும் பின்னாக வைக்காதீர்கள்.

ஸ்டாண்டர்டு கணக்கு எதைத் தடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கின் சொந்தக் கோப்புகளைப் பூட்டவோ, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடவோ அட்மின் உரிமை தேவையில்லை. அதனால்தான் பேக்கப் முதல் படியாக இருந்தது, கீழே இன்னும் சில படிகளும் வருகின்றன.

6. ஒரே ஒரு ஆன்டிவைரஸ்

விண்டோஸ் 8 முதலே மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டுக்கு அது போதும். புது லேப்டாப்பில் மாதிரிக்குக் கொடுத்த ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தால் அதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாக முன்னால் வரும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் அதிகம். இரண்டும் ஒரே கோப்பைப் பிடித்து இழுத்துக் கணினியைத் திணறடிக்கும், அப்புறம் கோபத்தில் இரண்டையும் அணைத்துவிடுவார்கள்.

'ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்' பக்கத்தில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். தெரியாத புரோகிராம் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் மாற்ற முடியாதபடி இது தடுக்கும். டி டிரைவில் உள்ள ஃபோல்டர்களை நீங்களே சேர்க்க வேண்டும். முதல் வாரத்தில் நல்ல மென்பொருள் எதையாவதும் தடுக்கும். அப்போது முழுவதையும் அணைக்காமல், அந்த மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

7. வேண்டாத மென்பொருளைக் களையுங்கள், புதியது வரும் வழியைக் குறுக்குங்கள்

செட்டிங்ஸ், 'ஆப்ஸ்', 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலை நிறுவிய தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒரே தேதியில் நாலைந்து பெயர் தெரியாத மென்பொருள் இருந்தால், யாரோ ஒன்றை இறக்கும்போது மற்றவை ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. கணினியை வேகமாக்குவதாகச் சொல்பவை, டிரைவர் அப்டேட் செய்வதாகச் சொல்பவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் எப்போதோ ஒரு முறை உதவிக்குப் போட்டு மறந்திருந்தால் அவையும் போகட்டும். மோசடிக்காரர் ஃபோனில் கேட்பது அவற்றின் எண்ணைத்தான்.

நம்மவர்கள் ஒட்டுண்ணி மென்பொருளை வாங்கி வரும் ஒரு வழி, தமிழ் எழுத்துரு தேடும் பக்கங்கள். 'இலவச தமிழ் டைப்பிங்' என்று தேடி, முதலில் வந்த விளம்பரத்தை அழுத்தி, பெரிய பச்சை 'டவுன்லோட்' பட்டனைத் தட்டுவார்கள். விண்டோஸ் 11ல் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. 'டைம் அண்ட் லாங்வேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். வெளியே எங்கும் போக வேண்டாம்.

பிறகு 'அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ்' போய், செயலிகளை எங்கிருந்து பெறலாம் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் மட்டும்' என்று பொருள்படும் வரியைத் தேர்ந்தெடுங்கள். விஎல்சி, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் எல்லாம் அங்கேயே கிடைக்கின்றன. வீட்டில் புரோகிராம் எழுதுகிறவர் யாராவது இருந்தால் மட்டும் எச்சரிக்கை காட்டும் வரியைத் தேர்ந்தெடுக்கலாம்.

8. கோப்பின் முழுப் பெயர், பென் டிரைவ்

விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டுகிறது. 2000 மே மாதம் உலகத்தைக் கலக்கிய காதல் கடித வைரஸ், டெக்ஸ்ட் கோப்புபோலப் பெயர் வைத்துக்கொண்டு, கடைசியில் ஓடக்கூடிய நீட்சியோடு வந்தது. மறைத்துக் காட்டியதால் பார்த்தவர்களுக்கு வெறும் கடிதமாகத் தெரிந்தது. இன்றைக்கும் அதே தந்திரம் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வருகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். அதே இடத்தில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதையும் ஆன் செய்யுங்கள். பென் டிரைவுக்கு அது உதவும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்களின் மூலையில் சின்ன வளைந்த அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். உண்மையான ஃபோல்டர் மறைக்கப்பட்டிருக்கும், ஷார்ட்கட்டை இரண்டு முறை தட்டினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எதையும் தட்டாமல், டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். மங்கலாகத் தெரியும் மறைந்த ஃபோல்டரிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொண்டு, பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். கடைக்கு என்று தனியாக ஒரு பென் டிரைவ், அதில் அச்சடிக்க வேண்டிய கோப்பு மட்டும். அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

9. பிரவுசர்

திரையின் வலது மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று வந்துகொண்டே இருந்தால், பெரும்பாலும் அது வைரஸ் இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது 'அலோ' கொடுத்ததன் விளைவு. பிரவுசர் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், அனுமதி பெற்ற எல்லாத் தளங்களையும் நீக்கிவிட்டு, இனி யாரும் கேட்கவே கூடாது என்று மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன்களில் நீங்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியாதவற்றை நீக்குங்கள்.

முழுத்திரையும் சிவப்பாகி, சத்தம் போட்டு, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று வந்தால் அது வெறும் இணையப் பக்கம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் ஃபோன் எண் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இதை ஒரு முறை வீட்டுப் பெரியவர்களைச் செய்ய வைத்துப் பழக்குங்கள், பயத்தில் இருக்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது.

இன்னொன்று இப்போது அதிகம். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று ஒரு பக்கம் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை நகலெடுத்து வைத்திருக்கிறது. நீங்கள் அதை ஒட்டி ஓடவிடுகிறீர்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், உள்நுழைந்த நிலையில் இருக்கும் கணக்குகளையும் அள்ளிக்கொண்டு போகும். இதற்கு அட்மின் உரிமை தேவையில்லை, ஆன்டிவைரஸும் எப்போதும் பிடித்துவிடாது. வீட்டில் எல்லாருக்கும் இந்த ஒன்றை வாய்மொழியாகச் சொல்லியே ஆக வேண்டும்: இணையப் பக்கம் எதுவும் விண்டோஸ் விசையை அழுத்தச் சொல்லாது.

மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறு வேறு கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு. இரண்டையும் இப்போதே செய்துவிடுங்கள்.

10. ஏதாவது நடந்துவிட்டால்

இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் இந்தக் கணினியில் தேடிப் படிக்க முடியாது.

முதலில் இணைப்பைத் துண்டியுங்கள். வைஃபை ரூட்டரின் சுவிட்சை அணைப்பதே எளிது. தொலைவிலிருந்து யாராவது உள்ளே இருந்தால் அவர் வெளியே போய்விடுவார்.

பணம் போயிருந்தால் அடுத்த வேலை 1930. இந்தியாவில் இணைய நிதி மோசடிக்கான உதவி எண் அது. வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. வெட்கப்பட்டு ஒரு நாள் மறைத்து வைத்தவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது. வீட்டில் யாரிடமாவது இது நடந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

பிறகு ஃபோனிலோ வேறு நல்ல கணினியிலோ உட்கார்ந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சல்தான் முதலில், மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வழி அதன் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும், திருடியவர் ஏற்கெனவே உள்ளே இருந்தால், சில தளங்களில் உள்ளேயே இருப்பார். பாதிக்கப்பட்ட கணினியிலேயே கடவுச்சொல் மாற்றுவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. புதிய கடவுச்சொல்லும் சேர்ந்து அவர்களிடம் போகும்.

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். விண்டோஸ் ஏறும் முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பது தப்புவது கடினம், கால் மணி நேரம் ஆகும். ஆனால் கடவுச்சொல் திருடும் மென்பொருளோ ரான்சம்வேரோ ஓடியது உறுதி என்றால் ஸ்கேனோடு விடாமல், 3ஆம் படியில் சொன்னபடி பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் அழித்து நிறுவுங்கள்.

நிறுவி, அப்டேட் முடித்து, கணக்குகளைப் பிரித்து, டிஃபெண்டர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அலமாரியிலிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கைக் கையில் எடுக்க வேண்டும். அவசரத்தில் அதை முதலிலேயே செருகிவிடாதீர்கள்.